கை தேடும் இடத்தில் கம்பி

கேள்வி: பினாங்கு, குளுகோர் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் குடியிருக்கிறோம். வீட்டில் ஒரே குளியலறை; கழிவறையும் அதற்குள்தான். என் மாமியாருக்கு 73 வயது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுகிறார். போன மாதம் குளித்துவிட்டு வெளியே வரும்போது வழுக்கிவிட்டார். துண்டு போடும் கம்பியைப் பிடித்தார். அது சுவரிலிருந்து கையோடு வந்துவிட்டது. மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. தரை ஓடுகளை உடைத்து எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்கிறார் என் கணவர். குத்தகையாளர் 9,000 ரிங்கிட் கேட்கிறார். அத்தையோ, "என்னை நோயாளி ஆக்காதே" என்று உள்ளே ஒரு நாற்காலி போடக்கூட விடமாட்டேன் என்கிறார், கதவையும் தாழிட்டுக்கொள்கிறார். மூன்று வயது மகனும் இருக்கிறான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

அந்த 9,000 ரிங்கிட்டை இப்போது வெளியே எடுக்காதீர்கள். ஓடுகளை உடைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் முதலாவது கிளினிக்கில் செய்ய வேண்டியது.

குளியலறையில் விழுந்த யாரைக் கேட்டாலும் "வழுக்கிவிட்டது" என்றுதான் சொல்வார்கள். தரை ஈரமாக இருந்தது, விழுந்தேன், அவ்வளவுதான். ஆனால், விழுவதற்கு முந்தைய நொடியில் தலை சுற்றியதா, கண் இருட்டிக்கொண்டு வந்ததா, கால் எங்கே படுகிறது என்று தெரியாமல் போனதா என்று பொறுமையாகக் கேட்டால் வேறு கதை வரும். வெந்நீர் பட்டதும் உடம்பின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அழுத்த மருந்தும் அதே திசையில்தான் வேலை செய்கிறது. அந்த நிலையில் குனிந்து காலைத் தேய்த்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தால் இரத்த அழுத்தம் இறங்கி, தலை கிறுகிறுக்கும். எனவே அவர் சாப்பிடும் மருந்துகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். படுத்திருக்கும்போது ஒரு முறையும், எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் ஒரு முறையும் அழுத்தத்தை அளந்து பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதைக் கவனித்தாக வேண்டும். மருந்தைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா என்பது மருத்துவரின் முடிவு. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மூன்று பெரிய இனங்களில் இந்தியரிடையேதான் அது மிக அதிகம். நீண்ட நாள் சர்க்கரை பாத நரம்புகளை மழுங்கச் செய்துவிடும். தரை வழுக்குகிறது என்பதை நம் உள்ளங்கால்தான் முதலில் உணர்ந்து எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை வராத காலுக்கு எந்த ஓடு போட்டாலும் பாதி வேலைதான் ஆகும். மணிக்கட்டு இன்னும் வலித்தால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அந்த வயதில் சிறு முறிவுகூட வீக்கம் போலவே காட்டும்.

அடுத்தது, காசு செலவில்லாத ஒரு வேலை. தரை காய்ந்திருக்கும் பகல் நேரமாகப் பார்த்து, அத்தையை உடுத்திய உடையோடு குளியலறைக்குள் போய்வரச் சொல்லுங்கள். உண்மையில் குளிப்பது போலவே எல்லாவற்றையும் செய்து காட்டட்டும்: வாசற்படியைத் தாண்டுவது, துண்டை மாட்டுவது, தண்ணீர் திறப்பது, குனிந்து கால் தேய்ப்பது, கழிவறை இருக்கையில் உட்கார்ந்து எழுவது, திரும்பி வெளியே வருவது. நீங்கள் அவருடைய காலைப் பார்க்க வேண்டாம், கையைப் பாருங்கள். ஒவ்வொரு அசைவிலும் கை எதையோ தேடிப் போகும். கதவுச் சட்டம், குழாயின் தலை, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு, ஷவர் தொங்கும் கொக்கி. நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் சுவரே சொல்லிவிடும். தோள் உயரத்தில் ஓர் ஓடு மட்டும் கை பட்டுப் பட்டு மங்கியிருக்கும். ஒரு குழாய் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அந்த இடங்களில் பென்சிலால் குறி போடுங்கள். கம்பி பொருத்த வேண்டிய இடங்கள் அவைதான்.

உங்கள் வீட்டில் ஓர் இடம் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. துண்டுக் கம்பி பிடுங்கிக்கொண்டு வந்த இடம். அதைத் திரும்ப அதே திருகாணியில் மாட்ட வேண்டாம். துண்டுக் கம்பி துண்டின் எடையைத் தாங்கச் செய்யப்பட்டது. ஆளின் எடையைத் தாங்க அல்ல. அங்கே ஒரு முறையான கைப்பிடிக் கம்பி வரட்டும். துண்டு வேண்டுமானால் அதன்மேல் தொங்கட்டும். இன்னொரு கம்பி வாசற்படியின் ஓரத்தில், செங்குத்தாக. தண்ணீர் வெளியே வராமலிருக்க நம் அடுக்குமாடிகளில் குளியலறை வாசலில் கட்டும் அந்தச் சிறு தடுப்புதான் பலரைத் தடுக்கிவிடுகிறது. ஈரக் காலோடு ஒரு காலைத் தூக்கித் தடுப்பைத் தாண்டும் நொடியில் உடம்பு முழுவதும் மற்ற ஒரே காலில் நிற்கிறது. மூன்றாவது கம்பி கழிவறை இருக்கைக்குப் பக்கச் சுவரில்.

கம்பி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கைக்குள் அடங்கும் பருமன் வேண்டும். 32 முதல் 38 மில்லிமீட்டர் விட்டம் பெரும்பாலோருக்குச் சரிவரும். சுவருக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 38 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதைவிட அதிகமானால் கை உள்ளே நழுவி முழங்கை வரை சிக்கிக்கொள்ளும். படுக்கைவாட்டுக் கம்பிக்குத் தரையிலிருந்து 84 முதல் 91 சென்டிமீட்டர் என்பது பொதுவான அளவு. ஆனால், உங்கள் அத்தை குள்ளமானவராக இருந்தால் அவர் கை எங்கே இயல்பாக நிற்கிறதோ அந்த உயரமே சரி. பளபளப்பானதைவிடச் சொரசொரப்பான மேற்பரப்பு நல்லது. சோப்புக் கைக்கு அதுதான் பிடி கொடுக்கும். உறிஞ்சி ஒட்டும் ரப்பர் கிண்ணம் வைத்த கம்பிகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. தயவுசெய்து அவற்றை வாங்காதீர்கள். இன்று ஒட்டியிருக்கும், நாளை காற்றுப் புகுந்து கழன்றுவிடும். எப்போது கழலும் என்று தெரியாத கம்பி, கம்பியே இல்லாததைவிட ஆபத்தானது. அதை நம்பி முழு எடையையும் கொடுத்துவிடுவார்கள் அல்லவா?

துளை போடுபவரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். சுவர் செங்கல்லா, உள்ளே பொள்ளலான கல்லா, பலகைத் தடுப்பா? ஒவ்வொன்றுக்கும் வேறு திருகாணி. அடுத்தது, வாட்டர் ஹீட்டருக்கான மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் சுவருக்குள் எந்த வழியாகப் போகின்றன? பொருத்தி முடித்ததும் வீட்டிலேயே கனமான ஆள் அதைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்க்கட்டும். உங்கள் கணவருக்கு இந்த வேலையைக் கொடுங்கள். அதன் பிறகுதான் அத்தையின் கை அதன்மேல் பட வேண்டும்.

இனி தரை. உடைப்பதில் நான் தயங்குவதற்குக் காரணம், ஏழாவது மாடியில் தரை ஓடுகளை உடைத்தால் அவற்றின் அடியிலிருக்கும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் சேர்ந்தே போகும். அதை ஒழுங்காகத் திரும்பப் பூசாவிட்டால் ஆறாவது மாடிக்காரர் வீட்டுக் கூரையில் சொட்டும். மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்குக் கசியும் நீருக்குப் பொறுப்பு யார் என்பதற்கு 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடிப் பராமரிப்பு விதிமுறைகளிலேயே தனி இடம் உண்டு. நிர்வாக அலுவலகத்தில் கேட்காமல் சுத்தியலை எடுக்க வேண்டாம்.

முதலில், வழுக்குவது ஓடா, ஓட்டின்மேல் படிந்திருக்கும் படலமா என்று பாருங்கள். சோப்பும் உடம்பின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து மெல்லிய படலமாகப் படியும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது காய்வதே இல்லை. அதன்மேல் பாசியும் பிடிக்கிறது. நடக்கும் வழியைக் கடினமான தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, காய வைத்து, பிறகு ஈரமாக்கிச் சோதியுங்கள். பல வீடுகளில் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. கழுவும்போது ஓர் எச்சரிக்கை: வெளுப்பானையும் அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சிறு அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும்.

கழுவிய பிறகும் வழுக்கினால், ஓட்டின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் திரவப் பூச்சு இருக்கிறது. உடைக்காமலே செய்துவிடலாம். ரப்பர் விரிப்பு என்றால், உறிஞ்சும் குமிழ்கள் பெரிய வழவழப்பான ஓட்டில் மட்டுமே பிடிக்கும். சிறு மொசைக் கற்களின் இடுக்குகளில் பிடிக்காது. என்றாவது ஓடு மாற்றியே ஆக வேண்டுமென்றால் சிறிய ஓடுகளாக எடுங்கள். இடுக்குகள் அதிகமானால் காலுக்குப் பிடி அதிகம். கடையில் 'ஆர் 10', 'ஆர் 11' என்று சொல்வார்கள். அது காலணி அணிந்து சோதித்த அளவு. வெறுங்காலுக்கு 'ஏ', 'பி', 'சி' என்று தனித் தர வரிசை இருக்கிறது; அதைக் கேட்டு 'பி' அல்லது 'சி' வாங்குங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். குளியலறை வாசலில் கால் துடைக்க என்ன போட்டிருக்கிறீர்கள்? பழைய கைலியோ மடித்த துண்டோ என்றால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஈரத் தரையைவிட, காய்ந்த ஓட்டின்மேல் கிடக்கும் தளர்ந்த துணி காலை வேகமாக இழுத்துக்கொண்டு போகும். அடிப்பாகம் முழுவதும் ரப்பர் வைத்த தட்டையான மிதியடி ஒன்று போதும்.

நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். "என்னை நோயாளி ஆக்காதே" என்று அத்தை சொல்வதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். மற்றவர்கள் நின்று குளிக்கும் இடத்தில் தனக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டால், அதில் தன் பெயர் எழுதியிருப்பது போலத்தான் அவருக்குத் தோன்றும். எனவே அவருக்காக வாங்காதீர்கள், வீட்டுக்கு வாங்குங்கள். உங்கள் மகனை அதில் உட்கார வைத்துத் தலை தேயுங்கள். உங்கள் கணவர் வேலை முடிந்து வந்து கால் கழுவும்போது அதில் உட்காரட்டும். நீங்களும் உட்கார்ந்து குளியுங்கள். சில வாரங்களில் அது குளியலறையின் பொருளாகிவிடும். "உனக்கு நல்லது" என்று சொல்லி யாரையும் சம்மதிக்க வைப்பது கடினம். "நீங்கள் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துவிட்டால் பையன் அடங்கி இருக்கிறான் அத்தை" என்று சொன்னால் கேட்பார். அது பொய்யும் அல்ல.

ஆனால், வரவேற்பறையில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி உள்ளே போட்டுவிடாதீர்கள். ஈரத் தரையில் அதன் கால்கள் அகன்று விரிந்துகொடுக்கும். காலடியில் ரப்பர் வைத்த, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, இருபுறமும் கைப்பிடியுள்ள குளியல் நாற்காலியாகப் பாருங்கள். உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் பட வேண்டும். பெரும்பாலோருக்கு 43 முதல் 48 சென்டிமீட்டர் உயரம். வாளியில் மொண்டு குளிக்கும் பழக்கம் என்றால் அதை மாற்றச் சொல்லாதீர்கள். வாளியை ஓர் உறுதியான சிறு மேடைமேல் ஏற்றி வையுங்கள், குனிவது நின்றுபோகும்.

எண்ணெய்க் குளியலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளியலறைப் பாதுகாப்பு பற்றிய வழிகாட்டிகளில் நான் அதைப் பார்ப்பதில்லை. நம் வீடுகளிலோ அது வழக்கம். தலையிலும் உடம்பிலும் நல்லெண்ணெய், தரையில் சீயக்காய்க் குழம்பு, சோப்பு நுரை. மூன்றும் ஒன்றாகச் சேரும்போது எந்த ஓடும் காப்பாற்றாது. அதை விட வேண்டியதில்லை. எண்ணெய்யை வெளியே, காய்ந்த தரையில், நாற்காலியில் உட்கார்ந்து தேய்க்கட்டும். உள்ளங்காலில் எண்ணெய் வேண்டாம். ஏற்கெனவே தேய்த்திருந்தால் துணியால் துடைத்துவிட்டு நடக்கட்டும். வரிசை முக்கியம்: வீட்டில் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் அத்தைதான் முதலில் குளிக்க வேண்டும். அவருக்கு முன்னால் இரண்டு பேர் குளித்துவிட்டுப் போன தரை அவருக்கு ஆகாது. முடித்ததும் அவர் எழுவதற்கு முன், உட்கார்ந்த நிலையிலேயே வெந்நீரை ஊற்றித் தரையின் பிசுபிசுப்பை ஓட்டிவிட வேண்டும். தீபாவளி அதிகாலையில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. வெளியே இருட்டு, அடுப்பில் பலகாரம், பிள்ளைகள் கதவைத் தட்டுகிறார்கள், பெரியவர்கள் அவசரப்படுகிறார்கள். அன்றைக்கு மட்டும் ஒருவர் குளியலறை வாசலிலேயே நிற்பது நல்லது.

வாட்டர் ஹீட்டர் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன். ஷவரோடு இணைந்த, உடனுக்குடன் சூடாக்கும் வகை என்றால் அதன் வெப்பம் தண்ணீர் ஓடும் வேகத்தைப் பொறுத்தது. 3.6 கிலோவாட் ஹீட்டரில் நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் தண்ணீர் சுமார் 17 பாகை செல்சியஸ் சூடேறும். அதே நேரத்தில் சமையலறையில் யாராவது குழாயைத் திறந்து, ஷவரின் ஓட்டம் 2 லிட்டராகக் குறைந்தால் சுமார் 26 பாகை ஏறும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 27 பாகையில் வந்தால், 44ஆக இருந்த நீர் 53ஐத் தொட்டுவிடுகிறது. அந்தச் சூட்டில் பெரியவர்களின் தோலே ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடலாம். குழந்தையின் மெல்லிய தோலுக்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும். உணர்ச்சி குறைந்த சர்க்கரைக் காலுக்கோ சுடுவதே தெரியாது. எனவே ஒருவர் குளிக்கும்போது சமையலறைக் குழாயை அடைத்து வையுங்கள். வெப்ப அளவைக் குறைத்தே வையுங்கள். நீரைக் காலால் அல்ல, முழங்கையால் தொட்டுப் பார்க்க அத்தையைப் பழக்குங்கள்.

மின்சாரத்தில் சமரசம் கூடாது. ஈரமான இடத்திலுள்ள ஹீட்டருக்கு, 10 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் தனிப் பாதுகாப்புச் சாதனம் இருக்க வேண்டும். வீட்டின் மின்பலகையில் அதற்கு ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். 'டக்' என்று விழ வேண்டும். விழாவிட்டாலோ, குழாயைத் தொடும்போது விரலில் சுருக்கென்று தோன்றினாலோ, ஹீட்டரை அணைத்துவிட்டுப் பதிவு பெற்ற மின் பணியாளரை அழையுங்கள். தெரிந்தவர், கைராசிக்காரர் என்று யாரையும் அதில் கை வைக்க விடாதீர்கள்.

மகனுக்கு மூன்று வயது. அவனுக்கு ஆபத்து தரையைவிட வாளியில்தான் அதிகம். அந்த வயதுப் பிள்ளைக்குத் தலை கனம். எட்டிப் பார்த்து உள்ளே விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும். தண்ணீர் வெட்டுக்குப் பயந்து வாளிகளை நிரப்பி வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நிரப்பினால் இறுக்கமான மூடி போடுங்கள். குளித்து முடித்த வாளியைக் கவிழ்த்து வையுங்கள். கதவின் வெளிப்பக்கம், அவன் கை எட்டாத உயரத்தில் ஒரு கொக்கி போடுங்கள். பெரியவர் யாரும் உள்ளே இருக்கும்போது மட்டும் அதை மாட்டக் கூடாது.

அத்தை கதவைத் தாழிட்டுக்கொள்வதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மறைவு அவர் உரிமை. கதவைத் திறந்து வைத்துக் குளிக்கச் சொல்வது நியாயமல்ல. உள்ளே தாழிட்டாலும் வெளியிலிருந்து ஒரு காசைச் செருகித் திருப்பித் திறக்கும் பூட்டு கிடைக்கிறது. அதை மாற்றுங்கள், அவரிடமும் சொல்லிவிடுங்கள். கதவு உள்நோக்கித் திறப்பதாக இருந்தால் வெளிநோக்கித் திறக்கும்படி மாற்ற முடியுமா என்று பாருங்கள். விழுந்த ஆள் கதவுக்குப் பின்னால் கிடந்தால் உள்நோக்கிய கதவைத் தள்ளவே முடியாது. படுக்கையிலிருந்து குளியலறை வரை இரவில் தானாக எரியும் சிறு விளக்கு ஒன்றும், வாசல் தடுப்பின் விளிம்பில் ஓட்டின் நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபடும் ஒரு பட்டையும் வேண்டும்.

இவற்றைச் செய்யும்போது நேரில் வந்து பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால், அத்தை போகும் அரசாங்கக் கிளினிக்கிலேயே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மருத்துவமனையில் 'பெமுலிஹான் சாரா கெர்ஜா' என்ற பிரிவுக்கு, அதாவது அன்றாட வேலைகளைப் பாதுகாப்பாகச் செய்ய உதவும் செயல்வழிச் சிகிச்சைப் பிரிவுக்கு, அனுப்புவார்கள். என்னைப் போன்றவர்கள் வேலை செய்யும் இடம் அது. போகும்போது குளியலறையை வாசலிலிருந்து ஒரு படம், உள்ளிருந்து வாசலை நோக்கி ஒரு படம் எடுத்துப் போங்கள். தடுப்பின் உயரத்தையும் கழிவறை இருக்கையின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மறுபடி விழ நேர்ந்தால். ஓடிப் போய்க் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். முதலில் தண்ணீரை அடைத்து, ஹீட்டரை அணையுங்கள். இடுப்பிலோ தொடையிலோ கடும் வலி இருந்தாலோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ, அசைக்காமல் துண்டால் போர்த்திவிட்டு 999ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் என்றால் தலையில் பட்ட அடி சிறிதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி ஒன்றும் இல்லை, எழ முடியும் என்றால் அவசரப்படுத்தாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, கையையும் முழங்காலையும் ஊன்றட்டும். குளியல் நாற்காலியை அவர் முன்னால் வைத்து நீங்கள் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். பலமான காலை முன்னால் ஊன்றி, நாற்காலியில் கை வைத்து, அவரே எழட்டும். சற்று நேரம் உட்காரட்டும். அடி எதுவும் படாவிட்டாலும், விழுந்ததை அடுத்த முறை கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.